பார்படோஸுக்கு வந்தவர்கள்: ஒரு சிறு தீவின் சுற்றுலா வரலாறு

கரீபியன் தீவுகளின் வரிசையிலிருந்து விலகி, கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் தனியே நிற்கும் பவளப்பாறைத் தீவு பார்படோஸ். நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர், பரப்பு 430 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 2 லட்சத்து 80 ஆயிரம் அளவில் இருக்கிறது. அண்மைக் காலத்தின் நல்ல ஆண்டுகளில், இதைப்போல் இரண்டரை மடங்கு பேர் விமானத்தில் வந்து தங்கிப் போகிறார்கள். கப்பலில் வந்து ஒரு பகல் மட்டும் இறங்கிப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். மூன்று நூற்றாண்டுகள் கரும்பை மட்டுமே நம்பியிருந்த ஒரு தீவு, ஒரே தலைமுறைக்குள் விருந்தினரை நம்பி வாழும் தீவாக மாறியது. அதன் கடற்கரையும் வெயிலும் எப்போதும் இருந்தவைதாம். வருகையை ஏற்றியும் இறக்கியும் விட்டவை பெரும்பாலும் தீவுக்கு வெளியே நடந்தவை: கப்பல் வழி, விமானச் சீட்டின் விலை, அயல்நாட்டு நாணயத்தின் மதிப்பு, அயல்நாட்டு அரசு போட்ட வரி.

பாய்மரக் காலத்தில் தீவின் இருப்பிடமே அதன் செல்வமாக இருந்தது. வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றைப் பிடித்து ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்களுக்கு முதலில் தென்படும் கரைகளில் ஒன்று பார்படோஸ். 1627இல் ஆங்கிலேயர் மேற்குக் கரையில், இன்று ஹோல்டவுன் எனப்படும் இடத்தில் குடியேறினார்கள். 1640களில் கரும்பு வந்தது. கரும்போடு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தி வரப்பட்டவர்களும் வந்தார்கள். இன்றைய பார்படோஸ் மக்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களுடைய வழித்தோன்றல்களே. இந்தத் தீவுக்கு மிக அதிகமானோர் வந்து இறங்கிய காலங்களில் ஒன்று அது; அவர்களில் ஒருவரும் விரும்பி வந்தவரல்லர். சுற்றுலாவின் வரலாற்றை எழுதும்போது இதை ஒதுக்கிவிட முடியாது. பிற்காலத்தில் விருந்தினரை வரவேற்கும் வேலையும் பரிமாறும் வேலையும் யார் தலையில் விழுந்தன, கடலோர நிலம் யார் கையில் இருந்தது என்பதெல்லாம் அந்த நூற்றாண்டுகளில் முடிவானவை.

கப்பல்கள் வந்து நிற்கும் ஊரில் சத்திரங்கள் முளைப்பது இயல்பு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்ஜ்டவுன் நகரத்தின் விடுதிகள் பலவற்றை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கலப்பினப் பெண்கள் நடத்தினார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் ரேச்சல் பிரிங்கிள் போல்கிரீன். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, கடற்படை அதிகாரிகள் கூடும் விடுதி ஒன்றுக்கு உரிமையாளரானவர். 1780களில் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் ஹென்றி, பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னராக முடிசூடியவர், குடிபோதையில் அந்த விடுதியின் சாமான்களை நொறுக்கினார் என்றும், மறுநாள் ரேச்சல் கணக்கு எழுதி அனுப்பிப் பணத்தை வசூலித்தார் என்றும் தீவில் இன்றும் சொல்கிறார்கள். அவர் 1791இல் இறந்தார். பார்படோஸில் விருந்தோம்பலைத் தொழிலாக நடத்தியவர்களின் பட்டியல் அவரைப் போன்ற பெண்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர் அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. அந்தக் காலத்தின் கொடுமை அந்த அளவுக்கு ஊடுருவியிருந்தது.

வணிகத்துக்காகவோ போருக்காகவோ வராமல், உடல்நலம் தேடி வந்தவர்களில் உலகறிந்தவர்கள் வாஷிங்டன் சகோதரர்கள். 1751 நவம்பரில், காசநோயால் துன்பப்பட்ட லாரன்ஸ் வாஷிங்டன் கடற்காற்று பயன் தரும் என்று நம்பி வர்ஜீனியாவிலிருந்து வந்தார். துணைக்கு வந்தவர் 19 வயதான தம்பி ஜார்ஜ். இருவரும் பிரிட்ஜ்டவுனை அடுத்த கேரிசன் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஜார்ஜுக்கு அங்கே பெரியம்மை கண்டது; அவர் தேறிவிட்டார். அதனால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி, பின்னர் படைமுகாம்களில் அம்மை பரவிய அமெரிக்க விடுதலைப் போரில் அவரைக் காத்தது. தாய்க் கண்டத்தை விட்டு அவர் போன ஒரே வெளியிடம் பார்படோஸ்தான். அண்ணனுக்கு அந்தக் காற்று கைகொடுக்கவில்லை. மறு ஆண்டே இறந்துபோனார். அவர்கள் தங்கிய வீடு இன்று அருங்காட்சியகம். அது நிற்கும் கேரிசன் பகுதியும் பிரிட்ஜ்டவுனின் பழைய நகரமும் 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீராவிக் கப்பல்கள் வந்தன. காற்றின் தயவு தேவையில்லாமல், குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் வந்து சேரும் கப்பல் இருந்தால்தான் ஒருவர் விடுமுறையைத் திட்டமிட முடியும். பிரிட்டனின் ராயல் மெயில் அஞ்சல் கப்பல்கள் 1840களிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒழுங்காக ஓடத் தொடங்கியபோது பார்படோஸ் அவற்றின் முக்கியமான நிறுத்தங்களில் ஒன்றாயிற்று. மலேரியா இல்லாத தீவு என்ற நற்பெயரும் அதற்கு இருந்தது. கயானாவிலும் டிரினிடாடிலும் வேலை பார்த்த அதிகாரிகளும் வணிகர்களும் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கே வந்தார்கள். 1887இல் தென்கிழக்குக் கரையின் பாறைமேட்டில் கிரேன் ஓட்டல் திறக்கப்பட்டது. அது இன்றும் நடக்கிறது. 1881இல் தொடங்கிய ரயில் பாதை பிரிட்ஜ்டவுனிலிருந்து கிழக்குக் கரையின் பத்ஷீபாவுக்கு மக்களை ஏற்றிச் சென்றது. கரும்புக்காகவே போடப்பட்ட அந்தப் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உல்லாசப் பயணம் போனவர்களில் உள்ளூர்க்காரர்களே அதிகம்.

அதே காலத்தில் தீவைவிட்டு வெளியேறியவர்களின் எண்ணிக்கை, வந்தவர்களைவிட மிகப் பெரியது. 1904 முதல் 1914 வரை பனாமா கால்வாய் வெட்டும் வேலைக்குப் பல்லாயிரம் பார்படோஸ் ஆண்கள் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தை ஊரில் பனாமாப் பணம் என்றே அழைத்தார்கள். கால்காணி அரைக்காணி நிலம் வாங்க ஏழைக் குடும்பங்களுக்கு முதன்முதலாகக் கைகொடுத்தது அந்தப் பணம். போனவர்கள் பின்னாளில் வருகையாளர்களாகத் திரும்பி வரப்போகிறார்கள் என்பதால் இந்த வெளியேற்றமும் சுற்றுலாக் கதையின் ஒரு பகுதிதான்.

இரு உலகப் போர்களுக்கும் இடையில் வடக்கேயிருந்து ஒரு புதிய வழி திறந்தது. கனடிய தேசிய நீராவிக் கப்பல் நிறுவனம் 1920களின் இறுதியில் ‘லேடி’ என்ற பெயரில் தொடங்கும் கப்பல்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு விட்டது. லேடி நெல்சன், லேடி ஹாக்கின்ஸ், லேடி டிரேக் ஆகியவை கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து இறக்கின. திரும்பும்போது சர்க்கரையும் பாகும் ஏற்றிப் போயின. 1932இல் தீவு தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள ஒரு விளம்பரக் குழுவை அமைத்தது. பின்னாளில் வந்த அரசுச் சுற்றுலா அமைப்புகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. அந்தக் குழு அயலாருக்குக் காட்டிய தீவும், தொழிலாளிகள் வாழ்ந்த தீவும் ஒன்றாக இல்லை. 1937 ஜூலையில் கூலிக் குறைவாலும் பசியாலும் வெடித்த கலவரத்தில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரயில் ஓட்டம் நின்றதும் அதே ஆண்டில்தான். சில ஆண்டுகளில் போர் மூண்டது. லேடி ஹாக்கின்ஸ் 1942 ஜனவரியில் நீர்மூழ்கிக் கப்பலின் குண்டுக்கு இரையாகி, இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. பயணிகள் வரத்தும் அத்தோடு அற்றுப்போயிற்று.

போர் முடிந்தபின் வந்தவர்கள் பெரும்பாலும் பெரும் பணக்காரர்கள். பிரிட்டிஷ் அரசியல்வாதி ரொனால்ட் ட்ரீ மேற்குக் கரையில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் மாளிகை ஒன்றைக் கட்டினார். தம் நண்பர்கள் தங்குவதற்கு ஏற்ற ஓட்டல் ஒன்று வேண்டும் என்று நினைத்து 1961இல் சாண்டி லேனைத் திறந்தார். அலையடிக்காத அந்தக் கரை, கரும்பு விளைச்சலுக்கு உதவாத மணல் நிலம் என்று தோட்ட முதலாளிகளால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளில் அதன் விலை உள்ளூர்க்காரர் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. ‘பிளாட்டினம் கரை’ என்ற விளம்பரப் பெயர் அதற்கு நிலைத்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1956இல் ஓட்டல் உதவிச் சட்டம் வந்தது. ஓட்டல் கட்டுவோர் கட்டுமானப் பொருட்களைச் சுங்கவரி இல்லாமல் இறக்குமதி செய்யவும், வரிச்சலுகை பெறவும் அது வழிசெய்தது. 1958இல் சுற்றுலா வாரியம் அமைந்தது. 1961இல் ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவரை கப்பல்கள் கார்லைல் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் படகுகளில் ஏறித்தான் கரை சேர வேண்டும். நூற்றுக்கணக்கான படகோட்டிகளும் சுமைகூலிகளும் அதை நம்பிப் பிழைத்தார்கள். துறைமுகம் பெரிய கப்பல்களுக்கு வழி திறந்தபோது அவர்களுடைய பிழைப்பு போயிற்று. கரீபியனின் வேறொரு மூலையில் நடந்த மாற்றமும் பார்படோஸுக்கு வாய்ப்பாக அமைந்தது. 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா கியூபாவோடு உறவை முறித்துக்கொண்டதால், அதுவரை ஹவானாவுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கர்கள் வேறு தீவுகளைத் தேடத் தொடங்கினார்கள்.

1950களின் நடுவில் தங்கிச் செல்லும் வருகையாளர்கள் ஆண்டுக்கு இருபதாயிரத்தை எட்டவில்லை. 1960இல் 35 ஆயிரம். தீவு விடுதலை பெற்றது 1966 நவம்பர் 30 அன்று. 1970இல் வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 56 ஆயிரம்; 1980இல் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம். இருபது ஆண்டுகளில் பத்து மடங்கு. இந்த ஏற்றத்துக்கு முதல் காரணம் ஜெட் விமானம். சீவெல் விமான நிலையத்தின் ஓடுபாதை நீட்டப்பட்டதும் நியூயார்க்கும் டொரன்டோவும் லண்டனும் ஒரு பகல் தூரத்துக்குள் வந்துவிட்டன. ஓட்டல் அறையையும் விமானச் சீட்டையும் சேர்த்து ஒரே விலையில் விற்கும் சார்ட்டர் பயணங்கள், செல்வந்தர் அல்லாத கனடிய ஆசிரியரையும் செவிலியரையும்கூடக் கொண்டுவந்தன. 1970களின் நடுவில் கனடியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். தென்கரையில் கிறைஸ்ட் சர்ச் பகுதியில் சமையலறையோடு கூடிய சிறு குடியிருப்பு விடுதிகள் வரிசையாக எழுந்தது அவர்களுக்காகத்தான். அவற்றில் பலவற்றுக்கு உரிமையாளர்கள் பார்படோஸ்காரர்கள். மேற்குக் கரையின் ஆடம்பர ஓட்டல்களைவிடத் தீவின் நடுத்தர வர்க்கத்துக்கு அதிகம் கொடுத்தது தென்கரைதான். 1970களிலேயே சர்க்கரையை முந்திக்கொண்டு சுற்றுலா அந்நியச் செலாவணியின் முதல் ஊற்றாகிவிட்டது. 1957இல் 2 லட்சம் டன்னைத் தாண்டிய சர்க்கரை உற்பத்தி பிற்காலத்தில் வெகுவாகச் சரிந்தது.

விருந்தினர் வருவது ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வடக்கே பனி. அதுவே பார்படோஸின் பருவம். கோடையில் ஓட்டல்கள் ஆட்களைக் குறைக்கும். பரிமாறுபவரும் அறை துடைப்பவரும் வீட்டில் இருக்க வேண்டும். இந்தப் பள்ளத்தை நிரப்ப எடுத்த முயற்சிகளில் நிலைத்தது ‘கிராப் ஓவர்’ திருவிழா. கரும்பு வெட்டு முடிந்ததும் கடைசி வண்டியை அலங்கரித்து ஆலைக்கு ஓட்டிவந்து, தொழிலாளர்கள் ஆடிப்பாடிக் கொண்டாடும் பழைய வழக்கம் அது. தோட்டங்கள் நலிந்தபோது 1940களில் அதுவும் மங்கிப்போயிருந்தது. 1974இல் சுற்றுலா வாரியமும் பண்பாட்டு ஆர்வலர்களும் சேர்ந்து அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். வெளியூர்க்காரரை வரவழைக்க எடுக்கப்பட்ட விழாவைத் தீவு மக்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை நடக்கும் கடூமென்ட் ஊர்வலம் இன்று நாட்டின் பெருநாள். லண்டனிலும் புரூக்ளினிலும் வாழும் பார்படோஸ்காரர்கள் அதற்காகவே விடுப்பு எடுத்து வருகிறார்கள்.

இங்கே வருகைக் கணக்கைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வருபவர் நிரப்பும் குடிவரவுப் படிவத்திலிருந்துதான் எண்கள் எடுக்கப்படுகின்றன. 24 மணி நேரத்துக்குமேல் தங்குபவர், உள்ளூரில் குடியிராதவர் என்றால் அவர் தங்கிச் செல்லும் வருகையாளர். 1956 முதல் லண்டன் போக்குவரத்துக் கழகம் பேருந்துகளிலும் சுரங்க ரயிலிலும் வேலை செய்யப் பார்படோஸிலேயே ஆள் எடுத்தது. அப்படிப் போனவரின் மகள் பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு பாட்டி வீட்டுக்கு வரும்போது அவரும் பிரிட்டனிலிருந்து வந்த சுற்றுலாப் பயணியாகவே எண்ணப்படுகிறார். அவர் ஓட்டலில் தங்குவதில்லை. சந்தையில் வாங்குகிறார், சிற்றுந்தில் போகிறார், தேவாலயத்துக்குக் காணிக்கை போடுகிறார். பொருளாதாரச் சரிவு வந்தபோதும் இவர்கள் வரவு அவ்வளவாகக் குறைவதில்லை. ஓட்டல் அறை நிரம்பியதா என்பதை மட்டும் பார்க்கும் கணக்குகளில் இவர்கள் தெரியமாட்டார்கள். தீவுக்கு இவர்கள் செய்யும் நன்மை குறைத்தே மதிப்பிடப்பட்டு வந்திருக்கிறது.

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இந்த ஏற்றத்தோடு வந்தது. சட்டப்படி பார்படோஸின் கடற்கரைகள் பொதுவானவை. எந்த ஓட்டலும் மணலில் நடப்பவரைத் தடுக்க முடியாது. ஆனால் மணலுக்குப் போகும் பாதையை மதில் அடைத்துவிட்டால் உரிமை காகிதத்தில் மட்டும்தான் நிற்கும். சாலையிலிருந்து கடல் தெரியும் இடைவெளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைப் பற்றித் தீவு மக்கள் நெடுங்காலமாகக் குமுறி வருகிறார்கள். கறுப்பின மக்களை உறுப்பினராகச் சேர்க்காத மனமகிழ் மன்றங்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்த மண் அது. அந்த நினைவு உள்ளவர்களுக்கு மதில் வெறும் மதில் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம்.

1980க்குப் பிறகு முதல் பெரிய சறுக்கல். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொருளாதாரம் தளர்ந்தது. எரிபொருள் விலை ஏறியது. 1982இல் வருகை சுமார் 3 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இதில் பார்படோஸுக்கே உரிய ஒரு சிக்கலும் இருந்தது. 1975இலிருந்து அதன் டாலர், இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்க டாலர் வலுத்தால் பார்படோஸும் சேர்ந்தே விலை கூடிய நாடாகிவிடும்; பவுண்டும் கனடிய டாலரும் வைத்திருப்பவர் வேறிடம் பார்ப்பார். 1980களின் நடுவில் நடந்தது அதுதான். கனடியர்கள் குறைந்தார்கள், அமெரிக்கர்கள் கூடினார்கள். 1989இல் எண்ணிக்கை 4 லட்சத்து 61 ஆயிரமாக உயர்ந்தது. பிறகு வளைகுடாப் போரும் அமெரிக்க மந்தமும் சேர்ந்து 1992இல் அதை 3 லட்சத்து 85 ஆயிரத்துக்குத் தள்ளின. அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் போக நேர்ந்தது. அரசு ஊழியர் சம்பளம் 8 சதவீதம் வெட்டப்பட்டது. நாணய விகிதத்தை மட்டும் மாற்றவில்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் அரசும் ஒன்றாக உட்கார்ந்து விலையையும் கூலியையும் பற்றி 1993இல் செய்துகொண்ட உடன்பாடு அந்த நாட்டின் பெருமைக்குரிய செயல்களில் ஒன்று.

அதற்குப் பிறகு எழுச்சியைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷார். 1980களிலிருந்தே குளிர்காலத்தில் கான்கார்டு விமானம் லண்டனிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பார்படோஸுக்கு வந்து கொண்டிருந்தது. அதில் வந்தவர்கள் சிலரே என்றாலும் அது தந்த பெயர் பெரிது. பெரிய சார்ட்டர் விமானங்கள் நடுத்தரக் குடும்பங்களைக் கொண்டுவந்தன. 2000இல் வந்த 5 லட்சத்து 45 ஆயிரம் பேரில் ஐவரில் இருவர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்து கிரிக்கெட் அணி மேற்கிந்தியத் தீவுகளுக்கு வரும் ஆண்டுகளில் பிரிட்ஜ்டவுன் டெஸ்ட் போட்டிக்காகவே பல்லாயிரம் பேர் வருவார்கள். கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் பாதிக்கும் மேல் சிவந்த முகங்களாகத் தெரியும். கான்கார்டு 2003 நவம்பரில் கடைசி முறையாக வந்து இறங்கியது. அந்த விமானம் திரும்பிப் போகவில்லை. விமான நிலையத்தின் ஓரத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது.

சொகுசுக் கப்பலில் வருபவர்கள் தனிக் கணக்கு. 1980இல் ஒன்றரை லட்சம் அளவில் இருந்தவர்கள் 2000இல் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். எண் பெரிதாக இருப்பதால் விழாக்களில் இதையே எடுத்துச் சொல்வார்கள். கப்பல் பயணிக்கு அறை கப்பலில், சாப்பாடு கப்பலில். கரையில் அவர் செலவிடுவது ஒரு வாடகை வண்டி, ஒரு குளிர்பானம், ஒரு நினைவுப்பொருள். ஒரு வாரம் தங்குபவர் தரும் வருவாயில் மிகச் சிறு பங்குதான் அது. ஆனாலும் பார்படோஸுக்கு ஒரு சாதகம் இருந்தது. நல்ல விமானத் தொடர்பு இருப்பதால் சில கப்பல்கள் பயணத்தை இங்கிருந்தே தொடங்கின. விமானத்தில் வந்து கப்பல் ஏறுபவர்கள் முன்னும் பின்னும் சில இரவுகள் ஓட்டலில் தங்கினார்கள். பக்கத்துத் தீவுகள் பலவற்றுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

2007 உலகக் கோப்பை கிரிக்கெட்டின் கதை, வருகையை முன்கூட்டிக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டியது. இறுதிப் போட்டி பிரிட்ஜ்டவுனுக்கு ஒதுக்கப்பட்டது. கென்சிங்டன் ஓவல் இடித்துக் கட்டப்பட்டது; ஓட்டல்கள் விலையை ஏற்றின; வீடுகளை வாடகைக்கு விட மக்கள் வெள்ளையடித்துத் தயாரானார்கள். ஏப்ரல் 15 அன்று அங்கே இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் என்று அட்டவணையைப் பார்த்த எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இரண்டு அணிகளும் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறின. அந்த நாளில் ஆடியவை அயர்லாந்தும் வங்கதேசமும். இந்திய ரசிகர்களுக்காக எடுத்து வைத்திருந்த அறைகள் காலியாகக் கிடந்தன. ஏப்ரல் 28 இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா இலங்கையை வென்றது. மழையால் தாமதமாகி, இருட்டில் முடிந்தது. கூட்டத்துக்குப் பயந்தும் விலைக்கு அஞ்சியும் வழக்கமான விருந்தினர் பலர் அந்த வசந்தத்தில் வராமல் இருந்துவிட்டார்கள்.

2008இல் 5 லட்சத்து 68 ஆயிரம் பேர் வந்தார்கள். உலக நிதி நெருக்கடி வந்ததும் பவுண்டு சரிந்தது. 2009இல் எண்ணிக்கை 5 லட்சத்து 19 ஆயிரம். அதே வேளையில் பிரிட்டிஷ் அரசு விமானப் பயணி வரியை உயர்த்தியது. வரி எவ்வளவு என்பது, லண்டனிலிருந்து போகும் நாட்டின் தலைநகர்வரை உள்ள தூரத்தைப் பொறுத்தது. அமெரிக்காவுக்கு வாஷிங்டனே அளவுகோல் என்பதால், பார்படோஸைவிட வெகு தொலைவில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிறவர் குறைந்த வரி கட்டினார். கரீபியன் அரசுகள் ஒன்றுசேர்ந்து பல ஆண்டுகள் போராடின. 2015 ஏப்ரலில்தான் அந்த அடுக்குமுறை மாற்றப்பட்டது. வரியைப் போட்டவர்கள் பார்படோஸை நினைத்துப் போடவில்லை. அதன் விளைவைச் சுமந்தவர்கள் தென்கரையின் சிறு விடுதிக்காரர்கள். அந்த ஆண்டுகளில் மூடப்பட்ட விடுதிகளில் பல மீண்டும் திறக்கவில்லை.

2014க்குப் பிறகு அமெரிக்கர்கள் திரும்பினார்கள். உணவு, மது, தங்கல் எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் தரும் பெரிய ஓட்டல்கள் வந்தன. இணையம் வழியாக வீடுகளை வாடகைக்கு விடும் வழக்கமும் பரவியது. 2019இல் வருகை 7 லட்சத்தை ஒட்டி வந்து புதிய உச்சம் தொட்டது. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த ஆண்டு வந்த சுமார் 2 லட்சம் பேரில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்கள். அடுத்த ஆண்டு அதைவிடவும் குறைவு. பயணிகள் இல்லாத சொகுசுக் கப்பல்கள், ஊழியர்களை மட்டும் சுமந்துகொண்டு பிரிட்ஜ்டவுனுக்கு எதிரே நங்கூரமிட்டு நின்றன. மற்றத் துறைமுகங்கள் கதவடைத்த நேரத்தில் பார்படோஸ் அவர்களுக்கு இடம் கொடுத்தது. 2020 ஜூலையில் ‘வெல்கம் ஸ்டாம்ப்’ என்ற புதிய விசாவை அறிவித்தது: ஆண்டுக்கு 50 ஆயிரம் அமெரிக்க டாலர் வருமானம் உள்ளவர், 2 ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்தி, ஓராண்டு தீவில் இருந்தபடியே தம் நாட்டு அலுவலக வேலையைச் செய்யலாம். ஒரு வாரத்துக்குப் பதில் ஓராண்டு தங்குபவரைத் தேடிய அந்த யோசனை மிகச் சரியானது; பல நாடுகள் அதைப் பின்பற்றின. அதே ஆண்டில் தீவுகளுக்கிடையே பறந்து வந்த லியாட் நிறுவனம் நொடித்தது. கிரெனடாவிலிருந்தும் செயின்ட் வின்சென்ட்டிலிருந்தும் மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் கடைவீதிக்கும் வந்துபோன அண்டை வீட்டார்க்கு விமானத் தொடர்பு வெகுவாகக் குறைந்தது. தொலைதேசத்து விருந்தினர் திரும்பிய வேகத்தில் அவர்களால் திரும்ப முடியவில்லை.

2024 ஜூன் 29 அன்று கென்சிங்டன் ஓவலில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. 2007இல் வராமல் போன இந்திய ரசிகர்களின் ஆரவாரம் அன்று அங்கே கேட்டது. இரண்டு நாளில் பெரில் சூறாவளி தீவின் தெற்கே கடந்துபோனது. விமான நிலையம் மூடப்பட்டது. கோப்பையோடு ஓட்டலில் அடைபட்டிருந்த அணி, தனி விமானம் வந்தபின்தான் ஊர் திரும்பியது. ஓட்டல்களுக்குப் பெரிய சேதம் இல்லை. அந்த ஆண்டின் வருகை 2019இன் அளவை மீண்டும் நெருங்கியது. சேதம் மீனவர்களுக்கு. துறைமுகத்தில் கட்டியிருந்த மீன்பிடிப் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, பல மூழ்கின. ஓட்டல் மேசையில் பரிமாறும் உணவில் பெரும்பகுதி கப்பலில் இறக்குமதியாகும் தீவில், விருந்தினர் தரும் பணம் உள்ளூரிலேயே தங்குவதற்கு இருந்த நேரான வழிகளில் ஒன்று அந்தப் படகுகள் பிடித்துவந்த மீன்.